இந்தியாப் பக்கம் கதைத்த பொன்னையா

வருஷக்கணக்காகப் பொன்னையா ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளவில்லை. அப்புத்துரைக்கு இருந்த குறை அதுதான். மற்றக் குறைகள் வந்தன, போயின. வயலில் பன்றி இறங்கிய குறை, உரம் பிந்தி வந்த குறை, உள்ளங்காலில் ஆணி வந்த குறை, எதுவும் ஒரு போகத்துக்கு மேல் தங்கியதில்லை. இது மட்டும் பத்து வருஷத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் குந்திக்கொண்டிருந்தது.

ஒத்துக்கொள்ளச் சொன்னது பெரிய விஷயமும் இல்லை. ஒரு பிள்ளையைக் கம்பசில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிப்பிக்க எந்த அரசாங்கம் கூடச் செலவழிக்கிறது, இலங்கையா இந்தியாவா? இதுதான் வழக்கு. அப்புத்துரை இலங்கைப் பக்கம், பொன்னையா இந்தியாப் பக்கம். வழக்கு நடந்த இடம் முரசுமோட்டையில் பொன்னையாவின் வளவு, வேம்புக்குக் கீழே போட்டிருந்த பலகை வாங்கு. அப்புத்துரை படித்தது ஏழாம் வகுப்பு. பொன்னையா தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரின் படிப்பையும் கூட்டினாலும் பதினோராம் வகுப்பு ஓ.எல். எட்டாது. ஆனாலும் கம்பசைப் பற்றி இவ்வளவு கதைத்த இரண்டு பேர் அந்த ஊரில் இல்லை.

இப்போது அந்த வாங்கில் ஒரு பக்கம் சும்மா கிடக்கிறது. அப்புத்துரை போய் இருந்தால் பலகை சரிகிறது. முந்தி அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்ததால்தான் அது நேராக நின்றது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

அவர்கள் முதல் சந்தித்தது ஒரு மதிலடியில். சண்டை முடிந்து மூன்றாம் வருஷம். கிளிநொச்சிப் பக்கம் கம்பசுக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்புத்துரையின் உழவு மெசின் மணல் ஏற்றியது. பொன்னையா கட்டடங்களுக்குப் பெயின்ற் அடித்தார். அன்றைக்குக் கொந்தராத்துக்காரன் அவரை வீதியோர மதில் ஒன்றுக்கு வெள்ளை அடிக்க விட்டிருந்தான். மதிலில் தமிழிலும் சிங்களத்திலும் சிவப்பு எழுத்தில், ‘கல்விக்கு ஆறு வீதம் ஒதுக்கு’ என்று இருந்தது. மெலிந்த, கறுத்த மனிதர், காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ற், தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, இது என்னாங்க ஆறு வீதம்?”

அப்புத்துரை மெசினை நிற்பாட்டினார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள் அவர்.

“அது வட்டி. கம்பஸ் பெடியள் ஆரிட்டையோ கடன் எடுத்திருக்கிறாங்கள். ஆறு வீதத்துக்கு மேல கட்டமாட்டம் எண்டு எழுதியிருக்கு.”

“ஆறு கம்மிதாங்களே. இந்தியாவுல எங்க அகதி முகாம்ல பத்து.”

“அதுதான் பெரிசா எழுதியிருக்கு.”

பொன்னையா தலையை ஆட்டிவிட்டு ஆறு வீதத்தை அழித்து வெள்ளையாக்கினார். பிறகு, “உங்க பேருங்க?” என்றார்.

“அப்புத்துரை.”

“தொரையா?” கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். “தோட்டத்துல தொரைமாருக்குப் பயந்து பயந்து, கடைசியா எல்லாம் போதும்னு எறங்கி வந்தவன் நான். இங்கயும் ஒரு தொரை. அதுவும் மணல் ஏத்துற தொரை.”

அன்றிலிருந்து அப்புத்துரைக்கு அவர் வாயில் ‘தொரை’தான். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் அப்புத்துரை மண்வெட்டியைத் தூக்கியிருப்பார். அந்த ஆளிடம் கோபம் வரவில்லை.

பொன்னையா இறங்கி வந்தது எழுபத்தேழில். கலவரக்காரர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தபோது அவருக்கு இருபது வயது. ஒரு லொறியில் ஏற்றி வவுனியாவில் இறக்கிவிட்டார்கள். காடு வெட்டினார், கல் பிடுங்கினார், யாழ்ப்பாணத்தாரின் வயல்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினார். அந்த வயல்களில் ஒன்றில்தான் பேச்சியம்மாவைக் கண்டு கட்டிக்கொண்டார். தொண்ணூறில் சண்டை மூண்டதும் இரண்டு வயது ராஜினியைத் தோளில் வைத்துக்கொண்டு மன்னார்க் கரையில் வள்ளம் ஏறினார். நடுக்கடலில் அலை ஏறி வள்ளத்துக்குள் விழுந்தது. கைப்பையில் இருந்த பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பத்திரம், எல்லாம் கூழாகிப் போயின. இந்தியக் கரையில் இறங்கியபோது அவர் யார், யாருடைய மகன், எந்த நாட்டுக்காரன் என்று சொல்ல ஒரு துண்டும் கையில் இல்லை. அந்த ஈரக் கடதாசிக் கூழை அவர் சாகும்வரை மறக்கவில்லை. பின்னால் நடந்த பிழைக்குக் காரணமும் அதுதான்.

திருச்சிக்குப் பக்கத்து முகாமில் இருபது வருஷம். மற்ற ஆண்களைப் போல அவரும் பெயின்ற் அடிக்கப் பழகினார். இரண்டாவது மகள் வினோஜா அங்கே பிறந்தாள். மூத்தவள் ராஜினி அங்கே இரசாயனம் படித்துப் பட்டம் எடுத்தாள். அந்தப் பட்டத்தை அவர் சுவர் சுவராக அடித்து வாங்கினார் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாயிரத்துப் பதினொன்றில் பேச்சியம்மாவின் தமையன் விட்டுப்போன கால் ஏக்கர் வளவை நம்பித் திரும்பி வந்தார்கள். கையில் வேறு சொத்து இல்லை. ராஜினியின் பட்டம்தான் சொத்து.

அதை இந்த நாடு பட்டம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சராகப் போக வேண்டும். பொன்னையாவுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

கம்பஸ் கட்டடங்கள் முடிந்தபோது கொந்தராத்துக்காரன் எறிந்துவிட்டுப் போன சாரப் பலகை ஒன்றைப் பொன்னையா கேட்டு வாங்கினார். அப்புத்துரையின் உழவு மெசின் பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். பச்சை, மஞ்சள், வெள்ளை என்று எல்லாச் சுவரின் நிறமும் சிந்திக் காய்ந்த பலகை. கல்லடுக்கி அதன்மேல் போட்டு வாங்காக்கினார். அந்த வாங்கில் முதல் நாள் இருந்தபோதே வழக்குத் தொடங்கியது.

“பாத்தியளே பொன்னையாண்ணை,” என்றார் அப்புத்துரை. “எவ்வளவு கட்டடம். எல்லாம் அரசாங்கக் காசு. உள்ளுக்குப் போற பிள்ளைக்கு ஒரு சதம் செலவில்லை. மேல மகாபொல எண்டு கைச்செலவுக்கும் குடுக்கினம். உங்கட இந்தியாவில ராஜினிக்கு ஆர் கட்டினது?”

“நான்தான் கட்டினேன்.”

“அப்ப அரசாங்கம் என்ன செலவழிச்சது?”

“தொரை, அகதிப் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல சோறு போட்டுச்சு. புத்தகம் குடுத்துச்சு. பிளஸ் ஒண்ணுக்கு வந்ததும் சைக்கிள் குடுத்துச்சு. யாரு நீன்னு கேக்கல. அரசாங்கக் காலேஜுல எடம் கெடைக்கல, சரி. அடுத்த தெருவுல இன்னொரு காலேஜு. அங்க தட்டினோம், தொறந்துச்சு.”

“திறந்ததுக்குக் காசு எடுத்தவங்களோ இல்லையோ?”

“எடுத்தாங்க. கதவு இருந்துச்சுல்ல?”

குசினிக்குள்ளிருந்து ராஜினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “பட்ஜெட் வாசிச்சு முடிச்சாச்சா? டீ ஆறுது,” என்றாள். முகாமில் வளர்ந்ததால் அவளுக்குத் தேத்தண்ணி ‘டீ’தான். தங்கை வினோஜா ஒரே வருஷத்தில் ‘ஓம்’, ‘எண்டு’ என்று கதைக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு நாடு இருந்தது.

பொன்னையா மண்ணெண்ணெயில் கை கழுவி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதற்குப் பிறகுதான் கோப்பையைத் தொடுவார். அந்த மண்ணெண்ணெய் மணமும் இஞ்சித் தேத்தண்ணி மணமும் கலந்து வருகிற பின்னேரங்களை அப்புத்துரை இப்போதும் தேடுகிறார்.

ஒரு சிறுபோகக் காலத்தில் அப்புத்துரை தன் பக்கத்தை வயற்காரனுக்கு விளங்குகிற மாதிரி எடுத்து வைத்தார். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு. கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பங்கு பிரித்திருந்தார்கள்.

“இப்ப எனக்குப் பங்கு விழுந்தது. வாய்க்கால் வாசல் திறக்க என்ர வயலுக்குத் தண்ணி வரும். மோட்டர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். குளமும் அரசாங்கத்தின்ர, வாய்க்காலும் அரசாங்கத்தின்ர. கம்பசும் அப்பிடித்தான். பரீட்சையில எடுபட்டால் முழுத் தண்ணியும் உனக்கு.”

“பங்கு விழாதவன்?”

“அவன் மாடு மேய்க்கட்டும்.”

“அதைத்தான் சொல்றேன். நூறு பேரு பரீச்சை எழுதினா எத்தனை பேருக்குப் பங்கு? இந்தியாவுல கெணறு தொரை. ஊருக்கு ஊரு கெணறு. எறைக்கிற செலவு அவனவனுது. ஆனா உன் வயல் காயட்டும்னு கூட்டம் போட்டு யாரும் முடிவு பண்ணல.”

“கிணத்துக்குக் கயிறும் வாளியும் இல்லாதவன்?”

“அவனும் மாடுதான் மேய்க்கணும்,” என்றார் பொன்னையா. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். பேச்சியம்மா வாசலில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தவ. “மாட்டையே பாக்காத ரெண்டு பேரு நாட்டையெல்லாம் மேய்க்க அனுப்புறாங்க. தொரை, உங்க மாடு என் பயத்தங்கொடியத் திங்குது, போய்ப் பாருங்க,” என்றா.

பொன்னையாவிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. அதை அவர் ஒரு தடவைதான் வாய்வரை கொண்டுவந்தார். அன்றைக்கு வழக்குச் சூடாகிவிட்டது. அப்புத்துரை, “போகாமல் இஞ்ச இருந்திருந்தால் ராஜினியும் ஒரு சதம் செலவில்லாமல் கம்பஸ் போயிருப்பாள்,” என்று அடித்துச் சொன்னார். பொன்னையா வெடுக்கென்று நிமிர்ந்தார். “இங்க இருந்திருந்தா, தொரை…” என்று தொடங்கினார். அங்கேயே நிறுத்திவிட்டார். கோப்பையை எடுத்து, குடித்து முடித்த தேத்தண்ணியை மறுபடி குடித்தார்.

அப்புத்துரைக்கு விளங்கியது. அவருடைய மகன் சுஜிதன் கணக்கில் கெட்டிக்காரன். கம்பசுக்குக் கட்டாயம் எடுபடுவான் என்று பள்ளிக்கூடமே சொன்னது. இரண்டாயிரத்து ஒன்பதில், உயர்தரம் எழுத முன்னமே, புதுக்குடியிருப்புக்கு அங்கால் ஒரு பதுங்குகுழி வாசலில் பொடியனின் உயிர் போய்விட்டது. எழும்புகிற கட்டடத்துக்கெல்லாம் அப்புத்துரை மணல் ஏற்றிப் போனபோது, இந்த வகுப்பில் இருந்திருப்பான், இந்த வாசலால் நடந்திருப்பான் என்று பார்த்துக்கொண்டுதான் போனார். இலங்கைப் பக்கம் அவர் கதைத்த கதையெல்லாம் உண்மையில் சுஜிதனுக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு இடத்துக்காக. பொன்னையாவுக்கு அது தெரியும். கடலைத் தாண்டிப் போனதால்தான் தன் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “காலேஜுக்குப் பஸ் பாஸும் குடுத்துச்சு,” என்றார், பழையபடி.

“பஸ் பாஸ்,” என்றார் அப்புத்துரை. “பெரிய பாஸ்.”

இனி அந்தப் பிழை. முகாமிலிருந்து வெளிக்கிடும்போது பொன்னையா வீட்டுக் கடதாசிகள் எல்லாவற்றையும் திருச்சியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் லாமினேற் பண்ணினார். ஒருமுறை கடல் குடித்தது போதும், இனி மழையும் தொடக்கூடாது, கறையானும் தொடக்கூடாது என்று, ராஜினியின் பட்டத்தை இரண்டு பக்கமும் தடித்த பிளாஸ்ரிக்கால் மூடி வாங்கினார். அதை அடிக்கடி வெளியே எடுத்து, நகத்தால் தட்டிப் பார்ப்பார். “கெணத்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாது,” என்பார்.

கொழும்பில் வெளிநாட்டுப் பட்டங்களைப் பதிகிற கந்தோருக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தியாவில் இன்ன இடத்து முத்திரை பட்டத்தின் பின்பக்கத்தில் விழ வேண்டும், அதற்குப் பிறகுதான் இங்கே பதிய முடியும் என்றார். பிளாஸ்ரிக்கின்மேல் முத்திரை விழாது. இன்னொரு பிரதி எடுத்து வரச் சொன்னார். பிரதிக்குக் கல்லூரி, ஆள் நேரில் வர வேண்டும் என்றது. நேரில் போகக் கடவுச்சீட்டு, விசா. திரும்பி வந்த அகதிக்கு அந்த விசா இலேசில் வரவில்லை. வருஷங்கள் போயின. ராஜினி ஆடைத் தொழிற்சாலையில் தைத்தாள். பின்னேரத்தில் வளவில் ஒரு கொட்டில் போட்டு உயர்தரம், ஏ.எல். எழுதும் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பகுதியில் இரசாயனத்துக்கு ஆள் இல்லாத பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆள் கொட்டிலில் இருந்தது, தகுதிக் கடதாசி பிளாஸ்ரிக்குக்குள் இருந்தது.

தன் கையாலேயே மகளின் பட்டத்தைப் பூட்டிவிட்டேன் என்று பொன்னையா வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நகத்தால் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

கடைசியில் உரித்துப் பார்ப்பது என்று ராஜினி தீர்மானித்தாள். அப்புத்துரையும் அன்றைக்கு நின்றார். “உரிக்கேக்க கடதாசி சேர்ந்து வந்தால் என்ன செய்வாய் பிள்ளை?” என்று கேட்டார்.

“இப்ப மட்டும் என்ன மாமா செய்றேன்?” என்றாள் ராஜினி.

வாங்கில் பழைய சீலையை விரித்தாள். இஸ்திரிப் பெட்டியை மெல்லிய சூட்டில் வைத்து, மேலே துணி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றினாள். பொன்னையா பக்கத்தில் குனிந்து நின்று மூச்சு விட்டார்.

“அப்பா, தள்ளி நில்லுங்க. உங்க வேர்வை விழுது.”

“பெயின்ற் உரிக்க நான் சூடு காட்டியிருக்கேன், புள்ள. கொஞ்சம் கூட்டலாம்.”

“இது செவரு இல்லப்பா.”

ஒரு மூலை கழன்றது. பிளாஸ்ரிக் மெல்லச் சுருண்டு வந்தது. கீழ்க்கரையில் பூவேலை போட்ட விளிம்பு ஒரு துண்டு அதோடு போய்விட்டது. எழுத்தும் பெயரும் நின்றன. ராஜினி அந்தக் கடதாசியை எடுத்து வெயிலுக்குப் பிடித்தாள். பிளாஸ்ரிக் இல்லாமல் அதைப் பார்த்து எட்டு வருஷத்துக்கு மேல்.

“இந்த உரிக்கிற வேலை எந்த நாட்டுப் படிப்பு?” என்று கேட்டார் அப்புத்துரை.

“இந்தியாப் படிப்பு,” என்றார் பொன்னையா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஒட்டச் சொன்னவன்தான் இலங்கைக்காரன்.”

முகாமில் இருந்த ஒரு சொந்தக்காரர் மூலம் பட்டம் முத்திரைக்குப் போனது. அதற்குள் கொரோனா வந்து எல்லாக் கதவையும் மூடியது.

அந்தக் காலத்தில்தான் வினோஜா கம்பசுக்கு எடுபட்டாள். அப்புத்துரை சந்தியில் வெடி வாங்கிக்கொண்டு வந்தார். தன் வீட்டு வாசலில் கொளுத்த வேண்டிய வெடி என்று நினைத்து வாங்கினாரோ என்னவோ, பெரிய சரமாக வாங்கிவிட்டார். வெடித்து முடிந்ததும் நேரே வாங்குக்கு வந்தார்.

“இப்ப சொல்லுங்கோ பொன்னையாண்ணை. ஒரு வீட்டில ரெண்டு பிள்ளை. ஒண்டுக்கு நீங்கள் சுவர் சுவராய் அடிச்சுக் கட்டினியள். மற்றதுக்கு ஒரு சதம் கேட்டவங்களோ? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

பொன்னையா சிரித்தபடி இருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜினியும் குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். பொன்னையா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

“சந்தோசந்தான் தொரை. ஆனா சின்னவளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தது யாரு? அவளும், இந்தக் கொட்டில்ல இருந்து போன மத்தப் புள்ளைங்களும் யாரால போச்சு? அந்தப் பாடத்துக்கு இந்தியாவுல குடுத்த காசு இங்க வந்துதானே வேலை செய்யுது. நீங்க இலங்கைக் கணக்குல எழுதுறீங்க.”

“பாத்தியளே, இந்த மனிசனுக்கு எண்டைக்கும் வாய் சரி,” என்றார் அப்புத்துரை. “ஆறு வீத வட்டிக்காரன்.”

“அது என்ன ஆறு வீத வட்டி?” என்று வினோஜா கேட்டாள். அவர்கள் மதில் கதையைச் சொன்னார்கள். வினோஜா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

“ஐயோ மாமா, அது வட்டியில்லை. நாட்டின்ர வருமானத்தில ஆறு வீதத்தைப் படிப்புக்குச் செலவழி எண்டு கம்பஸ் விரிவுரையாளர்மார் கேட்டது. இஞ்ச அது கிட்டவும் போகேல்ல. இந்தியாவிலயும் அதே ஆறுதான் எப்பவோ சொல்லி வைச்சவை. அவையும் எட்டேல்ல. எங்களை விடக் கொஞ்சம் கிட்டப் போயிருக்கினம், அவ்வளவுதான்.”

வாங்கில் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்ப நான் வெள்ளையடிச்சு மறைச்சது…” என்றார் பொன்னையா.

“எங்கட வழக்கைத்தான்,” என்றார் அப்புத்துரை.

“கிட்டப் போயிருக்கினம்னு புள்ள சொல்லிருச்சு. கேட்டீங்கள்ல?”

“ஒரு பிள்ளைக்கு எவ்வளவு எண்டு கேளுங்கோ. மொத்தத்தைச் சொல்லாதேங்கோ.”

அன்றைக்கும் வழக்கு முடியவில்லை.

பட்டம் முத்திரையோடு திரும்பி வந்தது. கந்தோரும் ஒரு நாள் கடிதம் அனுப்பியது. ராஜினி எடுத்தது பட்டம்தான் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தைப் பொன்னையா வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். இந்தத் தடவை லாமினேற் பண்ணவில்லை. ஒரு சேர்ட்டுக்குள் மடித்து அலுமாரியில் வைத்தார். அடுத்து பட்டதாரிகளுக்கு நியமன விண்ணப்பம் கோரினார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. ராஜினி அதைச் சில மாதத்தால் தாண்டியிருந்தாள்.

ராஜினி அழவில்லை. விண்ணப்பப் பத்திரத்தை எடுத்துக் கொட்டிலுக்குள் கரும்பலகை துடைக்கிற துணியோடு வைத்துவிட்டுப் பாடம் எடுக்கப் போனாள். அன்றைக்குக் கொட்டிலைக் கடந்து போன அப்புத்துரைக்கு அவள் குரல் வழமையை விடக் கொஞ்சம் உயர்ந்து கேட்டது. பின்னேரம் வாங்குக்கு வந்தவர் வழக்கைத் தொடங்கவில்லை. பொன்னையாதான் தொடங்கினார்.

“என்ன தொரை, வாய் செத்துப் போச்சா? அங்க ஒரு அகதிப் புள்ளைக்கு சைக்கிள் குடுத்த அரசாங்கம்…”

முந்தி ஒரு காலமும் அவர் இவ்வளவு உரத்துக் கதைத்ததில்லை. அப்புத்துரையும் விடவில்லை. இரண்டு பேரும் வேலி கேட்கக் கதைத்தார்கள். பேச்சியம்மா வந்து, “காது கேக்காத ஆளுங்க மாதிரி என்ன சத்தம்?” என்று ஏசினா. கொட்டிலுக்குள் ராஜினி பிள்ளைகளிடம், “அது வெளியில பார்லிமெண்ட் நடக்குது, நீங்க எழுதுங்க,” என்று சொன்னது கேட்டது. அவள் குரல் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

அடுத்த வருஷம் பொன்னையாவின் நெஞ்சு விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. ஆயிரம் சுவர்த் தூசையும் பெயின்ற் மணத்தையும் குடித்த நெஞ்சு. ஆசுப்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு அப்புத்துரை ஒரு பை புது அரிசியும் நாலு செவ்விளநீரும் கொண்டுபோனார். வேம்பு பூத்து வாங்கெல்லாம் கொட்டியிருந்தது. பொன்னையாவைத் தலையணை வைத்துக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். வாங்கில் இருக்க வேண்டும் என்றார். அப்புத்துரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அவருடைய பக்கத்தில் இருத்திவிட்டு, தன் பக்கத்தில் தானும் இருந்தார். பலகை நேராக நின்றது.

கொட்டிலுக்குள் பாடம் நடந்தது. ராஜினி ஒரு சமன்பாட்டைச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் சத்தம் வந்தது. பொன்னையா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பலகையில் காய்ந்திருந்த ஒரு மஞ்சள் பொட்டை விரலால் தடவினார்.

“இது லைப்ரரிச் செவரு,” என்றார். “நீங்க மணல் கொண்டாந்த நாள்ல மழை வந்துச்சு. மணல் பூராக் கரைஞ்சு கானுக்குள்ள போச்சு. நீங்க வானத்தைப் பாத்து ஏசினீங்க.”

“வானத்தை இல்லை. கொந்தராத்துக்காரனை.”

“அவன் வானத்துலயா நின்னான்?”

அப்புத்துரை சிரித்தார். பொன்னையாவுக்குச் சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கியதும், “தம்பி, கிட்ட வாங்க,” என்றார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் ‘தம்பி’ என்றார்.

அப்புத்துரை நகர்ந்து இருந்தார்.

“நீங்க சொல்றதுதான் சரி. ஒரு புள்ளைக்குனு பாத்தா இங்கதான் அரசாங்கம் முழுசாச் செலவு பண்ணுது. சின்னவளுக்கு நான் ஒரு சோடிச் செருப்புத்தான் வாங்கிக் குடுத்தேன். அவ எடுபட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

இதைக் கேட்க அப்புத்துரை எத்தனை பின்னேரம் வந்திருப்பார். கேட்டபோது பழைய குறை இருந்த இடம் வெறுமையாகப் போனதே தவிர, சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

“அப்ப ஏன் மனிசா இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்ல?”

பொன்னையா கொட்டில் பக்கம் தலையை ஆட்டினார்.

“அவ காதுல விழும். பட்டம் இங்க வேலைக்கு ஆகல. அப்பனும் அது வீண் செலவுன்னு சொல்லிட்டான்னு ஆயிரும். அதான் அந்தப் பக்கத்தை நான் விடல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கு அப்பறம் நீங்க ஒரு ஆளா இலங்கை இலங்கைன்னு கதைச்சுக்கிட்டிருப்பீங்க. பதில் சொல்ல ஆளிருக்காது. சந்தியிலயும் அப்படித்தான் கதைப்பாங்க.”

“இப்ப ஏன் அந்தக் கதை.”

“கேளுங்க. எனக்காக ஒண்ணு செய்யணும். அரிசி, சாமான் ஒண்ணும் வேணாம். பின்னேரம் இப்ப வர்ற மாதிரியே வாங்க. இந்த வாங்குல, இந்தப் பக்கமா உக்காருங்க. யாரையாவது கூட்டிட்டு வந்து எதிர்ல வச்சுக்கங்க. இனிமே நீங்க இந்தியாப் பக்கம் கதைங்க. சைக்கிள் குடுத்ததைச் சொல்லுங்க, சோறு போட்டதைச் சொல்லுங்க, தட்டினா தொறந்ததைச் சொல்லுங்க. கொட்டில்ல பாடம் நடக்குற நேரமாப் பாத்து, கொஞ்சம் சத்தமாவே கதைங்க.”